கரையேறச் சொன்ன பாட்டு

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. காலையில் பல் விளக்கும்போதே பாட்டு ஓட வேண்டும் எனக்கு. பழைய பாட்டு இல்லை, போன வாரம் வந்த பாட்டு. வரப்பில் நடக்கும்போது சட்டைப் பையில் போன் இருக்கும், தோளில் ஒரு சின்ன ஸ்பீக்கர் தொங்கும். அந்தச் சத்தத்தில் கொக்கெல்லாம் எழுந்து பறக்கிறது என்று பக்கத்து வயல்காரர் குறைப்பட்டுக்கொள்கிறார். பறக்கட்டும். அதற்குத்தானே இறக்கை வைத்திருக்கிறது.

என் மருமகன் சென்னையில் காலேஜில் பாடம் எடுக்கிறவர். மரியாதை தெரிந்த பிள்ளை. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, நான் கேட்கிற பாட்டைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாமா, நல்ல கச்சேரியாக நாலு அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டார். அனுப்புங்க மாப்பிள்ளை, அதையும் கேட்கிறேன், ஆனால் இதை நிறுத்த மாட்டேன் என்றேன். இதில் வார்த்தையே புரியவில்லையே என்றார். புரியாவிட்டால் மறுபடி போட்டுக் கேட்க வேண்டியதுதான், அதற்காகப் பாட்டை விட்டுவிட முடியுமா? பேரனோடு முதல் நாள் முதல் காட்சிக்குக் கும்பகோணம் போய்விட்டு வருகிறேன். பல் செட்டை மாட்டிக்கொண்டு விசில் அடிப்பது லேசான காரியம் இல்லை. நான் அடிப்பேன்.

படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. இதைக்கூட நான் போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது, பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒற்றும் புள்ளியும் போட்டுக்கொண்டு வருகிறாள். படிக்காதவனுக்கு எழுத்து எதற்கு என்று நினைக்கிறவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம். திருவிடைமருதூர் வட்டாரத்தில் என் கூம்பு ஸ்பீக்கர் கட்டாத கோயில் கிடையாது, என் சீரியல் பல்பு எரியாத கல்யாணம் கிடையாது. இன்றைக்கு லாரி நிறைய ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது, மேடை அகலத்துக்கு எல்.இ.டி. திரை இருக்கிறது. அப்பா எனக்கு விட்டுப்போனது ஒரு மண்வெட்டி. மற்றதெல்லாம் நான் பாட்டைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் காலத்தில் சேறு இருந்தது, அட்டை இருந்தது, பசி இருந்தது. பாட்டும் இருந்தது. அந்தப் பாட்டு ஒன்றைப் பற்றித்தான் பேச வந்தேன். அதை நான் பாடி, ஒரு வயல் நிறைய ஆளைக் கரையேற்றியிருக்கிறேன். எட்டோ ஒன்பதோ வயது அப்போது.

எங்கள் ஊர் திருப்பனந்தாள் பக்கம். அம்மா நடவுக்குப் போகிறவள். அம்மாவின் அக்கா, எனக்குப் பெரியம்மா, நடவாட்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. அவள் வாய்க்கு எதிரே நின்று பேச ஊரில் ஆள் இல்லை. அவர்கள் நட்டதெல்லாம் ஒரே மிராசுதாரின் நிலத்தில். மிராசுதார் வயலுக்கு வரமாட்டார். அவருக்குப் பதிலாக அவருடைய காரியக்காரர் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்பார். வேலை எப்போது முடிந்தது என்று சொல்கிற அதிகாரம் அவருக்குத்தான்.

அதில்தான் தினமும் சண்டை. காரியக்காரர் கையில் கடிகாரம் இருந்தது, பெண்களின் தலைக்கு மேலே சூரியன் இருந்தது, இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. கடிகாரத்தைக் காட்டுங்கள் என்றால் உங்களுக்குப் பார்க்கத் தெரியுமா என்பார். அவர் சொல்வதும் சரிதான், ஒருத்திக்கும் பார்க்கத் தெரியாது.

இந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தது சினிமாக் கொட்டகை. ஊருக்கு மேற்கே, மிராசுதாரின் தோப்பை ஒட்டிய காலி மனையில் ஒரு டூரிங் டாக்கீஸ் வந்து கூடாரம் அடித்தது. சாயங்காலம், படம் தொடங்குவதற்கு வெகு நேரம் முன்பே, மூங்கில் கழியில் கட்டிய கூம்பில் ரிக்கார்டு போட ஆரம்பிப்பார்கள். முதலில் எப்போதும் ஒரே பிள்ளையார் பாட்டு. அப்புறம் ஓடுகிற படத்தின் பாட்டுகள். நம் பக்கம்தான் மேடு பள்ளம் இல்லாத பூமியாயிற்றே, சத்தம் வயலெல்லாம் தவழ்ந்து வரும். பெரியம்மா ஒருநாள் நடவாட்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு மிராசுதார் வீட்டு வாசலுக்குப் போய், கடிகாரமும் வேண்டாம் சூரியனும் வேண்டாம், பிள்ளையார் பாட்டு போட்டால் கரையேறுகிறோம் என்று கேட்டாள். கொட்டகைப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, யார் பக்கமும் சாயாது. மிராசுதாரும் யோசித்துப் பார்த்து, அப்படியே ஆகட்டும் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதுதான் சட்டம். பாட்டு விழுந்தால், கையில் இருக்கிற நாற்றை அப்படியே போட்டுவிட்டுக் கரையேறலாம். காரியக்காரர் வாயைத் திறக்கக் கூடாது.

அந்தப் பிள்ளையார் பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரிக்கார்டில் ஒரு கீறல். நடுச் சரணத்துக்கு வரும்போது ஊசி மாட்டிக்கொண்டு ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வரும். ரிக்கார்டு போடுகிற அண்ணன் விரலால் ஒரு தட்டுத் தட்டினால், டொக்கென்று ஒரு சத்தம் கேட்கும், பாட்டு தாண்டி ஓடும். எங்கள் ஊரில் அந்தப் பாட்டைப் பாடத் தெரிந்த எல்லாரும் அதை அப்படியேதான் பாடுவோம், டொக்கையும் சேர்த்து. பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிற்பாடு கும்பகோணத்தில் ஒரு கடையில் அதே பாட்டு வழுவழுவென்று ஓடியபோது, நல்ல பாட்டைக் கெடுத்து வைத்திருக்கிறீர்களே என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன்.

அந்த ஆடி மாதம் புதுப் படம் ஒன்று வந்தது. அதில் ஒரு பெண் பாடுகிற பாட்டு. அதைக் கேட்டால் அம்மாவுக்கு இடுப்பு வலி தெரியாது. கூம்பில் கேட்டுக் கேட்டே முழுசாக மனப்பாடம் பண்ணிவிட்டாள். ஆனால் படம் பார்க்கவில்லை. நாற்று நடும்போதும், அடுப்பு ஊதும்போதும், ராத்திரி எனக்குச் சோறு போடும்போதும் அவளுக்கு ஒரே யோசனைதான்.

"அந்தப் பொண்ணு அதை அழுதுக்கிட்டே பாடுதா, சிரிச்சுக்கிட்டே பாடுதாடா?" என்று என்னைக் கேட்பாள்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சினிமாவைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயம் ஊரில் இருக்கக் கூடாது என்பது அப்போதே என் கொள்கை. ஆனால் அந்தப் பாட்டு படத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. நான் கொட்டகைக்குள் நுழைவது இடைவேளைக்குப் பிறகு, காவல்காரர் டீ குடிக்கப் போகும் நேரத்தில், படுதாவுக்கு அடியில் ஊர்ந்து. அதனால் எனக்கும் பாதிப் படம்தான் தெரியும். தெரியாது என்று ஒத்துக்கொள்ள மனசு வராமல், நீயே வந்து பாரேன் என்று சொல்லி வைத்தேன். அம்மாவும் போகலாம் என்று முடிவு பண்ணினாள்.

அப்போது பார்த்துப் பிள்ளையார் பாட்டு தாமதமாக வர ஆரம்பித்தது.

முதல் நாள் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் அப்படியே. வரப்பில் நிழல் நீண்டு, தவளை கத்த ஆரம்பித்த பிறகுதான் பாட்டு வரும். வந்த உடனே டிக்கெட்டும் கொடுத்துவிடுவார்கள். பெண்கள் கரையேறி, வாய்க்காலில் சேறு கழுவி, வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு ஓடினால் அங்கே படத்தில் அந்தப் பாட்டு முடிந்திருக்கும். அம்மா இரண்டு முறை அப்படி ஓடிப்போய், பாட்டு போய்விட்டது என்று தெரிந்ததும் டிக்கெட் எடுக்காமலே திரும்பி வந்தாள். மீதிப் படம் அவளுக்கு வேண்டாம். அவளுக்கு அந்தப் பாட்டுதான் வேண்டும்.

பெரியம்மா சேற்றில் நின்றபடியே, சூரியனுக்கு அவசரமா பாட்டுக்குச் சோம்பலா என்று கேட்டாளாம். காரியக்காரர் காதில் விழாதது போலக் குடையைச் சுற்றிக்கொண்டு நின்றாராம்.

ஒருநாள் மத்தியானம் பார்த்தால், கொட்டகைத் தட்டியில் ஒட்டியிருந்த சுவரொட்டியின் குறுக்கே புதுத் துண்டுக் காகிதம். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘இன்றே கடைசி.’ நாளைக்கு வேறு படம். அம்மா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே போவதில்லை.

நேரே ரிக்கார்டு அண்ணனிடம் போனேன். நான் அங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்பவன்தான் எப்போதும், அவருக்கு என்னைப் பிடிக்கும். அங்கேயே உட்கார்ந்திருந்தேன், சாயங்காலம் ஆகிவிட்டது. வழக்கமாகப் பாட்டுப் போடுகிற வெயில் வந்து, தாண்டியும் போய்விட்டது. பிள்ளையார் ரிக்கார்டு உறையை விட்டு எடுத்துத் தட்டின் மேலேயே இருக்கிறது. அண்ணன் ஊசியைக் கையால் தொடாமல் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன் போடலை என்று கேட்டேன். முதலில் சொல்லவில்லை. விடாமல் நச்சரித்ததும் சொன்னார். கொட்டகை நிற்கிற இடம் மிராசுதாருடையது. நடவு முடிகிற வரைக்கும் பிள்ளையார் கொஞ்சம் லேட்டாக வரட்டும் என்று கொட்டகை முதலாளியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம்.

பாருங்கள் கெட்டிக்காரத்தனத்தை. கொடுத்த வாக்கை மிராசுதார் மீறவே இல்லை. பாட்டு போட்டால் கரையேறலாம் என்றார், இப்போதும் அதுதான் சட்டம். பாட்டைத்தான் தள்ளி வைத்துவிட்டார்.

இப்பவே போடுங்கண்ணே என்றேன்.

"போட்டா நாளைக்கு நான் ஊருக்கு மூட்டை கட்டணும்டா தம்பி" என்றார்.

"அப்ப நான் பாடுறேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொட்டகை என்ஜினுக்கு எண்ணெய் ஊற்றுகிற பெரிய தகரப் புனல் ஒன்று ஓரமாகக் கிடந்தது. அதை எடுத்தேன். அண்ணன் பார்த்தார், பிறகு பீடியை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நான் ஓடின ஓட்டம் இன்னும் காலில் இருக்கிறது. நடவு நடந்த வயல் கொட்டகைக்குக் கிழக்கே நல்ல தூரம். காரியக்காரர் கண்ணில் படாமல் இருக்க வாய்க்காலுக்குள் இறங்கி, கரை மறைவிலேயே ஓடி வயலைத் தாண்டினேன். வயலுக்கு இன்னும் கிழக்கே மிராசுதாரின் களம். அங்கே ஒரு வைக்கோல் போர், ஓட்டு வீட்டை விட உயரம். கூம்பை உயரத்தில்தான் கட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அன்றைக்கே தெரிந்திருந்தது. சரிந்து சரிந்து மேலே ஏறிவிட்டேன். அங்கிருந்து பார்த்தால், பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்கிறார்கள். காரியக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் தலை தெரியவில்லை, குடைதான் தெரிந்தது.

புனலின் சின்ன வாயை என் வாயில் வைத்துக்கொண்டேன். எண்ணெய் வாடை தொண்டை வரைக்கும் போனது. பாட ஆரம்பித்தேன்.

சும்மா பாட்டு மட்டும் பாடவில்லை. முதலில் ஊசி ரிக்கார்டில் விழுகிற கரகரப்பு. அப்புறம் நாகஸ்வரம், தவில், எல்லாம் என் வாயிலேயே. அப்புறம் பல்லவி. நடுச் சரணம் வந்ததும் ஊசி மாட்டிக்கொண்டது. அதே வார்த்தையை மூச்சு முட்டுகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் பாடி, டொக்கென்று நாக்கால் ஒரு தட்டுத் தட்டித் தாண்டினேன். எந்தப் பாடகனும் இதைச் செய்ய மாட்டான், மெனக்கெட்டுச் செய்கிறவன்தான் செய்வான்.

டொக் முடிந்து அடுத்த வரிக்குப் போகிறேன், ஒரு பெண் நிமிர்ந்தாள். பெரியம்மாதான் அது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ சொன்னாள். அவள் நிமிர்ந்தாள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வரிசை முழுவதும் நிமிர்ந்தது. கட்டி வைத்த நாற்று முடிகளைப் போட்டுவிட்டு, சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு, மொத்தப் பேரும் கரையேறினார்கள்.

அன்றைக்கு என் நெஞ்சு அடித்துக்கொண்ட மாதிரி, பிற்பாடு என் பெட்டிகள் முதன்முதலாகத் தேரோட்டத்தில் முழங்கியபோதுகூட அடித்துக்கொள்ளவில்லை.

வரப்பில் நடந்த பேச்சு அவ்வளவு தூரத்தில் எனக்குக் கேட்கவில்லை. பெரியம்மா அதைப் பல வருஷம் நடித்துக் காட்டியிருக்கிறாள், அதிலிருந்துதான் சொல்கிறேன். காரியக்காரர் பதறிப்போய், என்ன எல்லாரும் ஏறிட்டீங்க என்று கேட்டிருக்கிறார்.

"பாட்டு போட்டாச்சுங்களே."

"எனக்குக் கேக்கலையே."

"உங்களுக்குக் கேக்கலேன்னா நாங்க என்னங்க பண்றது. காதுல பஞ்சு கிஞ்சு இருக்கான்னு பாருங்க."

"இன்னும் நேரம் இருக்கு புள்ளைகளா, இறங்குங்க இறங்குங்க."

"எதுக்குங்க நேரம் இருக்கு?" என்று பெரியம்மா ரொம்பப் பணிவாகக் கேட்டாளாம். "பாட்டு எப்ப வரும்னு உங்களுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புறாங்களா?"

அவ்வளவு பெண்களும் சேற்றுக் கையோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காரியக்காரர் குடையை மடக்கினார், உடனே மறுபடி விரித்தார். அந்த இடத்தைப் பெரியம்மா முந்தானையைக் குடையாக வைத்துக்கொண்டு நடித்துக் காட்டினால் எங்கள் வீட்டில் சோறு புரையேறும். ஆமாம் தெரியும் என்றால் குட்டு உடைந்துவிடும். தெரியாது என்றால் இறங்கச் சொல்ல வழியில்லை. ஒதுங்கி வழி விட்டார்.

பெண்கள் வாய்க்கால் பக்கம் நடந்துவிட்டார்கள். நான் பாடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எல்லாரும் திரும்பி வந்து இறங்கிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். அம்மா மட்டும் போகாமல் வரப்பிலேயே நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பாட்டில் அப்படியே சொக்கி நிற்கிறாள் என்று எனக்குக் கர்வம் தாங்கவில்லை. கடைசிச் சரணத்தை இல்லாத சங்கதியெல்லாம் போட்டு இழுத்தேன்.

அன்றைக்கு அம்மா உலை வைக்கவில்லை. சேற்றைக் கழுவிவிட்டு, நல்ல புடவையைச் சுற்றிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெரியம்மாவும் மற்றவர்களும் கூட வந்தார்கள். நாங்கள் டிக்கெட் வாங்கும் இடத்துக்கு வந்து நிற்கும்போதுதான் நிஜமான பிள்ளையார் பாட்டு கூம்பில் வந்தது. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அப்போது பின்னாலிருந்து யாரோ என் காதைப் பிடித்துத் திருகினார்கள். காரியக்காரர். களத்தில் மாடு கட்டுகிறவன் பார்த்துச் சொல்லியிருக்கிறான்.

"போர் மேல ஏறிப் பாடினது நீதானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்காகவா அவ்வளவு உயரம் ஏறினேன்?

"ஆமாங்க, நான்தான் பாடினேன். நல்லாருந்துச்சுங்களா?"

காது இன்னொரு சுற்றுத் திரும்பியது. கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்ப்பதை நான் விடவில்லை. அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்தாள். பெரியம்மா நடுவில் வந்து நின்றாள்.

"புள்ள போர் மேல ஏறிப் பாடினா பாடிட்டுப் போறான், அவன் கத்தாத நாளு ஏது. எங்களுக்குக் கேட்டது கொட்டகைக் குழாய்ப் பாட்டுங்க. இவன் குரல் எது, குழாய் எதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு வந்ததே கோபம். காரியக்காரர் மேல் இல்லை, பெரியம்மா மேல். என் பாட்டைக் கொட்டகைக் கூம்புக்குத் தாரை வார்க்கிறாளே. இல்லை, நான்தான், நான் பாடித்தான் எல்லாரும் ஏறினாங்க என்று கத்தப் போனேன். அம்மா என் வாயைக் கையால் பொத்திவிட்டாள். அந்தக் கையில் இன்னும் சேற்று வாடை இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். காரியக்காரர் என் காதை விட்டுவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று பொதுவாக யாருக்கோ சொல்லிவிட்டுப் போனார்.

நாளைக்கு அவர் ஒன்றும் பார்க்கவில்லை. பறித்த நாற்று வயலில் முடி முடியாகக் கிடக்கிறது, ஆள் வராவிட்டால் வெயிலில் காய்ந்து சருகாகும். பெரியம்மா அன்றைக்குக் கொட்டகை வாசலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பாட்டுக்குச் சளி பிடித்தால் எங்களுக்கும் காய்ச்சல் வரும் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். மறுநாள் புதுப் படம் வந்தது, பிள்ளையார் பாட்டு பழைய நேரத்துக்கே வந்தது. ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவும் இல்லை.

அதெல்லாம் அப்புறம். அன்றைக்குத் தரை டிக்கெட் எடுத்து, மணலைக் குவித்து மேடு கட்டி அம்மாவை அதன் மேல் உட்கார வைத்தேன். எழுத்து ஓடியது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் பார்த்தாள். பிறகு அந்தப் பாட்டு வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு மட்டும் கூடவே அசைந்தது. பாட்டு முடிந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்லைடா. மாடியில நின்னுக்கிட்டு சும்மா பாடுறா. கையில ஒரு வேலையும் இல்லை பாரேன் அவளுக்கு" என்றாள்.

அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. பொறாமை என்றும் சொல்ல முடியாது. கையில் வேலை இல்லாமல் ஒருத்தி பாட முடியும் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. மீதிப் படத்தில் அவள் பாதி தூங்கிவிட்டாள்.

என் கதை அங்கிருந்து வேகம் எடுத்தது. பிற்பாடு அந்த ரிக்கார்டு அண்ணனிடமே தொழில் கற்றுக்கொண்டு, அவரையும் மிஞ்சினேன். ஒரு சைக்கிளில் ஒரு கூம்பைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். எங்கே கட்டினாலும் முதலில் ஒரு பிடி உமியை எடுத்து மேலே தூவி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். காற்றுக்கு எதிரே கூம்பு கட்டினால் பாட்டு உன் காலடியிலேயே விழும், என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்களுக்கு முதல் பாடமே அதுதான். காற்றுப் பார்த்துக் கூம்பு கட்டுவதில் இந்த ஜில்லாவில் என்னை அடிக்க ஆள் கிடையாது. இது நானாகச் சொல்லிக்கொள்வது இல்லை. சரி, நானும் சொல்வதுண்டு.

சொந்தமாகக் கடை திறந்த அன்று, வாசலில் மைக்கைப் பிடித்து இந்தக் கதையை ஊர் முழுவதும் கேட்கும்படி சொன்னேன். என் முதல் கூம்பு ஒரு எண்ணெய்ப் புனல், என் முதல் கச்சேரி வைக்கோல் போர், அதற்கே ஒரு வயல் கரையேறியது என்றேன். கைதட்டல் அடங்க நேரம் ஆனது. பெரியம்மா அப்போது இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா முன் வரிசை நாற்காலியில் பாயசத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்படிப் பேசினேன் என்று போய்க் கேட்டேன்.

"நல்லாத்தான் பேசினே. அன்னிக்குப் பாட்டுதான் கேக்கல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஆடி மாசம்டா. காத்து மேக்கேருந்து ஆளைத் தள்ளுது. நீ கிழக்கே போர் மேல நிக்கிறே. நீ பாடினது அடுத்த ஊருக்குப் போயிருக்கும். எங்களுக்கு ஒரு எழுத்து கேக்கல."

அப்புறம் எப்படிம்மா எல்லாரும் ஏறினீங்க என்று கேட்டேன்.

"நீ மேல நின்னு வாயைத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டிருந்தே. பெரியம்மாதான் பாத்தா. பாட்டு போட்டாச்சுடின்னா. ஏறிட்டோம்."

கீறல் கேட்கவில்லை. டொக் கேட்கவில்லை. தொண்டை கிழிய நான் போட்ட சங்கதி ஒன்றுகூடக் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது பாட்டு போட்டாயிற்று என்று சொல்ல ஒரு வாய், எல்லாரும் அதை ஒத்துக்கொள்கிற ஒரு நிமிஷம். அதை அவர்களே போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். நான்தான் ஏற்றினேன் என்று அத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன், ஒருத்திகூட அதைக் கலைக்கவில்லை. அதற்காக நான் அன்றைக்குச் சரியாகப் பாடவில்லை என்று ஆகிவிடாது. பாடினேன், சுதி பிசகாமல் பாடினேன்.

ஆனால் ஒன்று மட்டும் இடித்தது. கேட்கவே இல்லை என்றால், எல்லாரும் போன பிறகும் நீ மட்டும் ஏன் வரப்பிலேயே நின்றாய் என்று அம்மாவைக் கேட்டேன்.

"நீ பாடி முடிக்க வேணாமா?" என்றாள் அம்மா.